இருபது நிமிடம் அசைக்கக் கூடாது

லேபில் என் மேஜையின் இடப்பக்க டிராயரில் ஒரு அட்டைப் பெட்டி இருக்கும். உள்ளே பஞ்சு வைத்து அடுக்கிய ஐம்பது கண்ணாடி டெஸ்ட் டியூப்கள். மூடி மேல் சிவப்பு மார்க்கரில் "பாம்புக்கடிக்கு மட்டும். கழுவக் கூடாது" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். தீரத் தீர என் காசில் வாங்கி நிரப்பி வைப்பேன். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு, "ஏன் மேடம், கழுவினா என்ன ஆகும்?" என்று கேட்பார்கள். நின்ற இடத்தில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நான் லேப் டெக்னீஷியன். விழுப்புரம் பக்கம் ஒரு அரசு மருத்துவமனையில் வேலை. எங்கள் பக்கம் மல்லாட்டை (வேர்க்கடலை) பிடுங்கும் மாதத்திலும் நெல் அறுக்கும் மாதத்திலும் பாம்புக்கடி இல்லாத வாரம் கிடையாது. இருட்டிய பிறகு வந்தால் பாம்பு என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "பூச்சி கடிச்சிருச்சும்மா" என்பார்கள்.

போன பங்குனியில் ஒரு நாள். நைட் டியூட்டிக்கு வந்து பையை வைக்கிறேன், காஷுவால்டியிலிருந்து போன். நாற்பது வயது மதிக்கத்தக்க அம்மா. பிடுங்கிப் போட்டிருந்த மல்லாட்டைச் செடியைக் கைநிறைய அள்ளும்போது புறங்கையில் கடி. கடித்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. கை முழங்கை வரை வீங்கிவிட்டது. மணிக்கட்டுக்கு மேல் கட்டியிருந்த சணல் கயிற்றை டியூட்டி டாக்டர் மெதுவாகத் தளர்த்திக்கொண்டிருந்தார். கணவர் உரச் சாக்கு ஒன்றைக் கையில் பிடித்தபடி நின்றார். "அடிச்சி எடுத்தாந்திருக்கேன் டாக்டர், பாருங்க" என்றார். அடித்த அடியில் தலை இருக்கிற இடமே தெரியவில்லை. கண்ணாடி விரியனுக்கு இருப்பது போல, உடம்பில் சங்கிலி கோத்த மாதிரி பழுப்பு வட்டங்கள் மட்டும் கொஞ்சம் தெரிந்தன.

டாக்டர் சாக்கைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "டுவென்டி மினிட்ஸ் போட்டுடுங்க மேடம்."

பெட்டியைத் திறந்து புது டியூப் இரண்டு எடுத்தேன். அந்த அம்மாவின் கடிபடாத கையிலிருந்து 2 மில்லி ரத்தம். அவர் கணவரிடமிருந்தும் 2 மில்லி. "எனக்கு எதுக்கும்மா? என்னை ஒண்ணும் கடிக்கலையே" என்றார். "உங்க ரத்தம் ஒழுங்கா உறையுதான்னு பாக்கணும்ணா. உறைஞ்சாத்தான் இந்தக் குழாயை நம்பலாம்" என்றேன். புரிந்ததோ இல்லையோ, கையை நீட்டினார். இரண்டு டியூபையும் ஸ்டாண்டில் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தினேன். அதே மேஜையில் ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினேன், மேஜை அதிரக் கூடாது. நோட்டில் 7.14 என்று எழுதினேன். அந்த இருபது நிமிடத்துக்குள் டியூபைத் தொடக் கூடாது, ஆட்டக் கூடாது, உறைந்துவிட்டதா என்று நடுவில் சாய்த்துப் பார்க்கவும் கூடாது.

7.34-க்குக் கணவருடைய டியூபைச் சாய்த்தேன். ரத்தம் பாகு மாதிரி இறுகி அடியிலேயே நின்றது. அந்த அம்மாவின் டியூபைச் சாய்த்தேன். அப்போது எடுத்து ஊற்றியது போல வாய்ப்பக்கம் ஓடி வந்தது.

முழு டெஸ்ட்டும் அவ்வளவுதான். ரீஏஜென்ட், கரன்ட், மெஷின் எதுவும் வேண்டாம். அவருக்குப் பத்து குப்பி விஷமுறிவு மருந்து ஏற்ற வேண்டும் என்பது அந்த ஒரு சாய்ப்பில் முடிவானது.

*

2003-இல் எனக்கு முதல் வேலை. ஊர் பேர் வேண்டாம், ஒரு சின்ன தனியார் மருத்துவமனை. டியூப்களைச் சோப்புத்தூள் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, மறுபடி மறுபடி உபயோகிப்போம். சிக்கனம் என்று நினைத்துக்கொண்டு நானேதான் பளபளவென்று தேய்த்துக் கழுவுவேன்.

ஒரு நாள் இரவு ஒரு பையன் வந்தான். ஏரிக்கரையில் கடி. வீக்கம் இல்லை, பல் தடம் மட்டும் சின்னதாக வரிசையாக இருந்தது. டியூபில் ரத்தம் எடுத்தேன். இருபது நிமிடம் கழித்துச் சாய்த்தால் ஓடியது. "உறையலை டாக்டர்" என்று ரிப்போர்ட் கொடுத்தேன். மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். கால் மணி நேரத்தில் அவனுக்கு உடம்பெல்லாம் தடிப்பு, குளிர் நடுக்கம், பிரஷர் இறங்குகிறது, மூச்சு இழுக்கிறது. அட்ரினலின் போட்டு மீட்டார்கள். இந்த மருந்து குதிரை ரத்தத்திலிருந்து செய்வது. சிலர் உடம்பு அதை ஏற்றுக்கொள்ளாது. உண்மையில் விஷம் ஏறியவருக்கு அந்த ஆபத்தைத் தாண்டியும் கொடுத்துத்தான் ஆக வேண்டும். விஷமே ஏறாதவருக்குக் கொடுத்தால் ஆபத்து மட்டும்தான் மிச்சம்.

காலையில் சீனியர் அக்கா வந்தார். முழுக்கக் கேட்டுவிட்டு என்னைத் திட்டவில்லை. தன் கையை நீட்டி, "எடு" என்றார். அவர் ரத்தத்தை, நான் கழுவி வைத்திருந்த டியூபில் ஊற்றி வைத்தோம். இருபது நிமிடம் கழித்துச் சாய்த்தோம். ஓடியது. எந்தப் பாம்பும் கடிக்காத அக்காவின் ரத்தம் என் டியூபில் உறையவில்லை.

பையன் நன்றாக வீடு திரும்பினான். அவனைக் கடித்தது தண்ணீர்ப் பாம்பாகத்தான் இருக்கும் என்று பிறகு சொன்னார்கள். ஓடி வந்த அந்த ரத்தம் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் கூட வந்தவர் ரத்தத்தையோ என் ரத்தத்தையோ பக்கத்தில் வைக்காமல் நான் இந்த டெஸ்ட் போட்டதில்லை.

சோப்பு ஏன் கெடுக்கிறது, கண்ணாடி ஏன் வேண்டும் என்று தேடிப் படித்தபோதுதான் ஜான் ஹேகமனைத் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் ரயில்வே ஊழியர். ஆபரேஷனுக்கு முன்னால் வழக்கமான சோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். கண்ணாடிக் குழாயில் அது உறைய வெகுநேரம் ஆனது. ஆனால் அவருக்கு வாழ்நாளில் ரத்தப்போக்குத் தொந்தரவே இருந்ததில்லை. ஆஸ்கார் ராட்னாஃப் என்ற டாக்டர் அந்தப் புதிரை விடாமல் துரத்தினார். நம் ரத்தத்தில் ஒரு புரதம் இருக்கிறது, கண்ணாடி மாதிரியான பரப்பைத் தொட்டதும் அது விழித்துக்கொண்டு உறைதலைத் தொடங்கிவைக்கிறது, ஹேகமனுக்கு அது இல்லை என்று 1955-இல் எழுதினார். அந்தப் புரதத்துக்கு ஹேகமன் பெயரையே வைத்தார்கள். பன்னிரண்டாவது ஃபேக்டர் என்று நாங்கள் படிப்பது அதைத்தான். 1968-இல் ஹேகமன் வேலையில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, நுரையீரலுக்குப் போன ரத்தக்கட்டியால் இறந்துபோனார். கண்ணாடியில் உறைய மறுத்த ரத்தம் உடம்புக்குள் உறைந்திருக்கிறது. இதைப் படித்த அன்று வேறு எதையும் படிக்க மனம் வரவில்லை.

ஆக, டியூப் சும்மா ரத்தத்தைப் பிடித்து வைக்கிற பாத்திரம் இல்லை. டெஸ்ட்டை ஆரம்பித்து வைப்பதே கண்ணாடியின் மேற்பரப்புதான். சோப்புப் படலம் படிந்தால் அந்தப் புரதம் விழிக்காது. பிளாஸ்டிக் டியூபிலும் இந்த டெஸ்ட் நம்பும்படி நடக்காது. இப்போது எல்லா லேபிலும் ஊதா மூடி, நீல மூடி பிளாஸ்டிக் குழாய்கள்தான். மற்ற டெஸ்டுகளுக்கு நல்லவை, உடையாதவை. ஆனால் அவற்றோடு சேர்ந்து சாதாரணக் கண்ணாடி டியூப் லேபை விட்டே போய்க்கொண்டிருக்கிறது. பாம்புக்கடிக்கு மருந்து இருப்பு வைக்கும் ஒவ்வொரு இடத்திலும் இருபது புது டியூபாவது வையுங்கள் என்று போகிற கூட்டத்திலெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

*

கண்ணாடி விரியன் ரத்தத்தை என்ன செய்கிறது என்பது இன்னும் விசித்திரம். உறையாமல் ஓடுகிறதே, விஷம் உறைதலைத் தடுக்கிறது போலிருக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நடப்பது நேர் எதிர். விஷத்தில் இருக்கும் நொதிகள் ஐந்தாவது, பத்தாவது ஃபேக்டர்களை நேரடியாக முடுக்கிவிடுகின்றன. உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் உறைதல் தொடங்குகிறது. கட்டியாக உறைவதற்கு வேண்டிய ஃபைப்ரினோஜன் என்ற சரக்கு மொத்தமும் வீணாகச் செலவாகித் தீர்ந்துபோகிறது. பிறகு ஈறில், சிறுநீரில், ஊசி குத்திய இடத்தில் ரத்தம் கசிந்தால் அடைக்க உடம்பில் ஒன்றுமில்லை. டியூபில் நான் பார்ப்பது அந்தக் காலிக் களஞ்சியத்தை.

இதைத் தலைகீழாகத் திருப்பி யோசித்தவர்கள் இரண்டு பேர். 1934-இல் லண்டனில் மக்ஃபார்லேன் என்ற இளம் டாக்டரும், லண்டன் மிருகக்காட்சிசாலையில் ஊர்வன பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த பர்ஜஸ் பார்னெட்டும். ஹீமோஃபீலியா நோயாளிகளுக்கு ரத்தம் நிற்காது. பாம்பு விஷத்தை ரொம்பவும் நீர்க்கவைத்துக் காயத்தில் மேலாக வைத்தால் உறையுமா என்று பார்த்தார்கள். பல பாம்புகளின் விஷத்தைச் சோதித்ததில் வேலை செய்தது நம் கண்ணாடி விரியனுடையது. பல் பிடுங்கிய குழியில் வைத்ததும் ரத்தம் நின்றது. டாக்டருக்குப் பாம்பு தெரியாது, பாம்புக்காரருக்கு நோயாளி கிடைக்க மாட்டார். இரண்டு பேரும் ஒரே மேஜைக்கு வந்ததால் நடந்தது அது.

இன்றைக்கும் பெரிய லேபுகளில் அந்த விஷம் புட்டியில் இருக்கிறது. சென்னையில் ஒரு மருத்துவக் கல்லூரி லேபில் பயிற்சிக்குப் போயிருந்தபோது ஒரு பெண்ணின் சாம்பிள் வந்தது. மூன்று முறை கரு கலைந்தவர். லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் (உடம்புக்குள் ரத்தக்கட்டியும் கருக்கலைப்பும் உண்டாக்கக்கூடிய ஒருவகை ஆன்டிபாடி) பார்க்கச் சொல்லியிருந்தார்கள். ரீஏஜென்ட் குப்பியின் தாளைப் படித்தேன்: ரஸ்ஸல்ஸ் வைப்பர் வெனம், அதாவது கண்ணாடி விரியன் விஷம், நீர்க்கவைத்தது. எங்கள் காஷுவால்டியில் நான் பயந்து பயந்து பார்த்த அதே விஷம், இங்கே பிளாஸ்மாவில் விட்டு எத்தனை வினாடியில் உறைகிறது என்று எண்ணுவதற்கு. அந்தப் பெண்ணுக்கு நேரம் நீண்டு வந்தது. மறுபடி சோதித்து உறுதியானால் ஆஸ்பிரினும் ஹெப்பாரினும் கொடுத்து அடுத்த கர்ப்பத்தைக் காப்பாற்ற வழி உண்டு என்று அங்கிருந்த மேடம் சொன்னார். விஷப்பல்லில் இருந்து வந்த ஒரு துளி, ஒரு பெண்ணின் பிள்ளை ஏன் தங்கவில்லை என்று சொல்கிறது. கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இதே வழியில் வந்தவை நம் மருந்துக் கவுன்டரிலும் இருக்கின்றன. பிரஷருக்கு வாங்கிப் போகிற எனலாப்ரில் மாத்திரையின் மூத்த அண்ணன் கேப்டோப்ரில். பிரேசில் நாட்டு ஜராராக்கா விரியன் விஷத்தில் செர்ஜியோ ஃபெரெய்ரா கண்டுபிடித்த புரதத் துண்டுகளைப் பார்த்து, அதன் சாயலில் வேதியியலார் செய்த மருந்து. 1981-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மாரடைப்பு வந்தவர்களுக்குக் கொடுக்கும் டைரோஃபைபன், சுருட்டை விரியன் விஷப்புரதம் ஒன்றை மாதிரியாக வைத்து உருவானது.

*

ரஸ்ஸல் யார் என்று ஒரு வரி. பேட்ரிக் ரஸ்ஸல், ஸ்காட்லாந்து டாக்டர். கிழக்கிந்தியக் கம்பெனிக்காக விசாகப்பட்டினத்தில் இருந்துகொண்டு, சோழமண்டலக் கரைப் பாம்புகளைச் சேகரித்து 1796-இல் படங்களோடு புத்தகம் போட்டார். விஷமுள்ளது எது, இல்லாதது எது என்று பிரித்துக் காட்டுவதுதான் அவர் அக்கறை. பாம்புகளின் பேரைத் தெலுங்கு மக்களிடம் கேட்டு எழுதிக்கொண்டார். ஊர் மக்களுக்கு முன்பே தெரிந்திருந்த பாம்புக்குத்தான் கடைசியில் அவர் பெயர் வந்தது.

தெரிந்திருந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இரண்டு வருடம் முன்பு பிள்ளைகளோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குப் போனேன். அதன் உள்ளேதான் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கத்தின் விஷம் எடுக்கும் இடம். ஒரு காலத்தில் இருளர்கள் பாம்புத் தோலுக்காகப் பிடித்தவர்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்து தோல் வியாபாரம் நின்றதும் பிழைப்பு போனது. இந்த முதலைப் பண்ணையை நிறுவிய ராமுலஸ் விட்டேக்கர் அவர்களோடு சேர்ந்து 1978-இல் இந்தச் சங்கத்தைத் தொடங்கக் காரணமாக இருந்தார். கொல்லாமல் பிடித்து, விஷம் எடுத்து, விட்டுவிடுவது.

மண்பானைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் வாயிலும் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. துணியை அவிழ்த்து ஒரு கண்ணாடி விரியனை கம்பிக் கொக்கியால் தூக்கி வெளியே விட்டார் ஒரு அண்ணன். அது சீறிய சத்தம் குக்கர் ஆவி விடுவது போலக் கடைசி வரிசை வரை கேட்டது. தலையைப் பிடித்து, மேலே சவ்வு இழுத்துக் கட்டிய கண்ணாடிக் குவளையைக் கடிக்க வைத்தார். பல் சவ்வைத் துளைத்தது. குவளையின் உள்பக்கம் இரண்டு துளி மஞ்சளாக வழிந்தது, விளக்கெண்ணெய் நிறம். கட்டு விரியனுக்கு நிறமே இல்லை, தண்ணீர் போல ஒரு துளி. ஒரு பாம்பை மூன்று நான்கு வாரம் வைத்திருந்து, வாரம் ஒருமுறை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமாகச் சின்ன வெட்டு வைத்துக் காட்டில் விடுகிறார்கள். அடையாளம் உள்ள பாம்பு மறுபடி கிடைத்தால் பிடிப்பதில்லை. எத்தனை பிடிக்கலாம் என்று வனத்துறை எண்ணிக்கை போட்டு அனுமதி கொடுக்கிறது.

என் பெண் கேட்டாள்: "அண்ணா, புத்துல பாம்பு இருக்குன்னு எப்படித் தெரியும்?" மண்ணில் உரசின தடம், கழித்த எச்சம், உரித்த சட்டை, எலி வளையின் வாயில் மண் எப்படிக் கிடக்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். நான் மைக்ரோஸ்கோப்பில் ஸ்லைடு பார்க்கிற மாதிரி அவர் தரையைப் பார்க்கிறார் என்று தோன்றியது. இதே சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஃப்ளோரிடாவில் பெருகிப்போன பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க 2017-இல் அங்கிருந்து அழைத்துப் போனதும் இவர்களைத்தான். இவர்கள் செய்வது ஆராய்ச்சி இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இந்தியாவில் தயாராகும் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பங்கு அந்தப் பானைகளிலிருந்து போகிறது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் விஷத்தையும் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்துகிறார்கள். குதிரை உடம்பில் எதிர்ப்புப் புரதம் ஊறுகிறது. ரத்தத்திலிருந்து அதைப் பிரித்து, பெப்சின் என்ற நொதி கொண்டு தேவையில்லாத பாகத்தை வெட்டி, சுத்தம் செய்து, உறைய வைத்த நிலையிலேயே நீரை உறிஞ்சித் தூளாக்கிக் குப்பியில் அடைக்கிறார்கள். இந்த உலர்த்தும் பொறியியல் இல்லையென்றால் எங்கள் மாதிரி ஊர்களுக்கு மருந்து வந்து சேர்ந்தாலும் கெட்டுப்போயிருக்கும். திரவ மருந்து ஃப்ரிட்ஜை விட்டு வெளியே வரக் கூடாது. தூள் சாதாரண அறையில் அலமாரியில் நிற்கும். ஆனால் கரைப்பதற்குப் பொறுமை வேண்டும். தண்ணீர் விட்டுக் குலுக்கினால் நுரைத்துவிடும். உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துத் தயிர் கடையும் மத்து போல மெல்ல உருட்ட வேண்டும். அன்று இரவு எங்கள் ஸ்டாஃப் நர்ஸ் ஒருவரும் பயிற்சி மாணவிகள் இருவரும் ஆளுக்கு மூன்று நான்கு குப்பிகளை உருட்டிக்கொண்டு நின்றார்கள்.

பத்து குப்பி என்ற கணக்கும் பாம்பிலிருந்து வந்ததுதான். ஒரு கண்ணாடி விரியன் ஒரு கடியில் சராசரியாக 63 மில்லிகிராம் விஷம் இறக்குகிறது என்று அளந்திருக்கிறார்கள். ஒரு குப்பி 6 மில்லிகிராம் கண்ணாடி விரியன் விஷத்தை முறிக்கும். குழந்தைக்கும் அதே பத்துதான். கடிக்கும்போது பாம்பு எதிரில் இருப்பவர் வயதைப் பார்ப்பதில்லை.

*

என் டியூபுக்கு ஓர் எல்லை உண்டு. அதையும் சொல்லியாக வேண்டும். கட்டு விரியன் கடியில் டியூப் அழகாக உறையும். ஆள் போய்க்கொண்டிருப்பார்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பதினொரு வயதுப் பையன். தரையில் பாய் போட்டுத் தூங்கியவன். விடியற்காலம் வயிற்று வலி என்று எழுந்தான். கடித்த தடமே இல்லை. வாந்தி வேறு, ஏதோ சாப்பாடு சேரவில்லை என்று நினைத்திருக்கிறார்கள். அழைத்து வரும்போது கண் இமை தூக்க முடியவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை. இருபது நிமிட டெஸ்ட் நார்மல். ஆனால் இமையைப் பார்த்ததும் டாக்டருக்குத் தெரிந்துவிட்டது. இந்த விஷம் நரம்பு முனையில் தாக்கி, தசைக்குப் போகும் செய்தியை அறுத்துவிடும். அறுந்தது மறுபடி வளர்கிற வரை அவனுக்காக யாராவது மூச்சு விட வேண்டும். குழாய் போட்டு, கையால் மூச்சு கொடுக்கும் ஆம்பூ பையை அழுத்திக்கொண்டே 108 வண்டியில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம். ஐந்து நாள் வென்டிலேட்டரில் இருந்தான். கண்மணிகூட அசையவில்லை என்று சொந்தக்காரர்கள் நம்பிக்கை விட்டுவிட்டார்கள். திரும்பி வந்து எங்களைப் பார்க்க வந்தபோது அவன் சொன்னான்: "எல்லாம் கேட்டுச்சு. மாமா பஸ்சுக்குக் காசு கேட்டது, அம்மா அழுதது எல்லாம்."

அசையாதவர் இறந்தவர் இல்லை. கட்டு விரியன் கடி வந்த வார்டில் வேலை செய்பவர்கள் இதை மறக்கவே கூடாது. பேசிக்கொண்டே இருங்கள்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் வருடத்துக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியில் இறந்திருக்கிறார்கள் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. பெரும்பாலும் கிராமத்தில், வீட்டில், மருத்துவமனைக்கு வந்து சேராமலே. 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய ஒன்றாக அறிவித்தது. ஒவ்வொரு கடியும் கணக்கில் வந்தால்தான் எந்த ஊருக்கு எத்தனை குப்பி, எங்கே வென்டிலேட்டர் என்று திட்டமிட முடியும்.

இந்த மருந்துக்கும் குறை இருக்கிறது. ஆல்பெர் கால்மெத் என்ற பிரெஞ்சு டாக்டர் 1895 வாக்கில் நல்ல பாம்புக்கு முதல் சீரம் செய்தபோது அது எல்லாப் பாம்புக்கும் ஆகும் என்று நம்பினார். ஆகாது என்று பிறகு வந்தவர்கள் நிரூபித்தார்கள். இப்போது பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகரின் குழு அதிலும் ஒரு படி மேலே போயிருக்கிறது. ஒரே கண்ணாடி விரியன் என்றாலும் ஊருக்கு ஊர் விஷம் வேறு. நம் பக்கத்துப் பாம்பு விஷத்தை வைத்துச் செய்த மருந்து வடக்கே, மேற்கே அதே அளவுக்கு வேலை செய்வதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் கடிக்கும் மூக்கு தூக்கிய சின்னக் குழி விரியனுக்கு இந்த மருந்தால் பயனே இல்லை.

குதிரையே இல்லாத மருந்துக்கும் முயற்சி நடக்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பேக்கரின் குழு, நல்ல பாம்பு வகை விஷத்தில் உள்ள மூவிரல் நச்சுகளைப் பிடித்துக்கொள்ளும் புரதங்களைக் கணினியிலேயே வடிவமைத்து 2025 தொடக்கத்தில் வெளியிட்டது. எலிகள் பிழைத்தன. சுனகரின் குழுவும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து அதற்கு முந்தைய வருடமே மனித ஆன்டிபாடி ஒன்றைக் காட்டினார்கள். இரண்டிலும் எலிகளைக் காப்பாற்றியது நரம்பு நச்சிலிருந்துதான். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் விஷத்துக்கு அவை உதவாது. வரெஸ்ப்லாடிப் என்ற மாத்திரையை இந்தியாவிலும் அமெரிக்காவிலும் கடிபட்டவர்களிடம் சோதித்திருக்கிறார்கள். வயலிலேயே ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்பலாம் என்ற நாள் வந்தால் அந்த ஒன்றரை மணி நேரம் மிச்சமாகும். அதற்காக நான் காத்திருக்கிறேன்.

*

அந்த மல்லாட்டை அம்மாவுக்கு 7.45-க்கு மருந்து தொடங்கி ஒரு மணி நேரத்தில் ஏறி முடிந்தது. உடனே டெஸ்ட் போட்டுப் பயனில்லை. விஷம் முறிந்தாலும் தீர்ந்துபோன சரக்கைக் கல்லீரல் மறுபடி செய்து கொடுக்க ஆறு மணி நேரம் வேண்டும். 1.45-க்கு மறுபடி இரண்டு டியூப். கணவர் கேட்காமலே கையை நீட்டினார். 2.05-க்குச் சாய்த்தேன். அவருடையது நின்றது, அவர் மனைவியுடையது ஓடியது. கொஞ்சம் மெதுவாக ஓடியதோ என்று எனக்கு ஆசை. ஆசையை ரிப்போர்ட்டில் எழுத முடியாது. உறையவில்லை என்று எழுதினேன். இன்னும் பத்து குப்பி ஏறியது.

கணவர் லேப் வாசலில் தரையில் உட்கார்ந்துவிட்டார். "அந்தக் கண்ணாடி என்னாம்மா சொல்லுது?" என்று கேட்டார். "இன்னும் கொஞ்சம் நேரம் கேக்குதுண்ணா" என்றேன்.

என் டியூட்டி காலை எட்டுக்கு முடிந்தது. மாற்றுக்கு வந்த பெண்ணிடம் சாவியைக் கொடுத்துவிட்டு நானே இருந்தேன். 8.10-க்குக் கடைசி இரண்டு டியூப். சென்ட்ரிஃபியூஜை நிறுத்தச் சொன்னேன். காலை நேரக் கூட்டம், வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் ஜன்னல் பக்கம் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

8.30-க்கு முதலில் அந்த அம்மாவுடையதைச் சாய்த்தேன். நகரவில்லை. இன்னும் சாய்த்தேன். முழுக்கக் கவிழ்த்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். அடர் சிவப்பாக அடியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். நான் நோட்டில் "8.30, உறைந்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, பெட்டியை எண்ணினேன். ஐம்பதில் ஆறு போக நாற்பத்து நான்கு இருந்தன.